விரித்த கைகளின் உயரம்

கண்ணு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. சாப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்திருந்தேன். இந்தத் தடவை தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்கிறது. அதைத் தடவிக்கொண்டு வருகிற காற்று சன்னல் வழியாக வந்து, என் முகத்தில் ஈரமாகப் பட்டுக்கொண்டே இருந்தது. தூக்கம் என்றும் சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் தபால்காரர் கூப்பிட்டது, வேறு ஏதோ ஊரில் இருந்து என் பெயர் கேட்பது போல இருந்தது. கடிதத்தை வாங்கி வாசலிலேயே நின்று படித்தேன். கோயம்புத்தூர்க் குளிர், புது அடுப்பு, மாப்பிள்ளை உன்னைக் கேலி செய்வது எல்லாம் படிக்கப் படிக்கச் சிரிப்பாக வந்தது. கல்யாணமாகிப் போன பிள்ளையின் கடிதத்தில் சிரிப்பு இருந்தால் தாய்க்கு அதற்கு மேல் என்ன வேண்டும். ஆனால் கடைசியில், உன் மாமனாரைப் பற்றி, இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். 'மாமா ரொம்ப மெலிஞ்சு தெரியுறாரும்மா. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். எடையும் உயரமும் பாத்து ஏதோ கணக்குப் போட்டு, வயசுக்கு இது சரியாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாரு. ஆனா எனக்கு மனசு கேக்கல.'

அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். அதை நான் முதன்முதலில் கேட்டபோது நீ இரண்டாம் வகுப்பில் இருந்தாய். நாம் ஆரப்பாளையத்தில், காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். உனக்கு அந்த வீடு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. ஒரு நீளமான சந்து. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். சந்தின் முடிவில் தண்ணீர்க் குழாய், அதற்கும் பின்னால் எல்லாருக்கும் பொதுவான கக்கூஸ். அந்த வருடங்களை இப்போது நினைத்தால் எல்லாமே வெயில் படலத்துக்குப் பின்னால் அசைவது மாதிரித்தான் தெரிகிறது. மில் சங்கு ஊதுகிற சத்தம், வைகை மணலில் துணி காய்கிற வெள்ளை, அப்பா சைக்கிளை உள்ளே தூக்கி வைக்கும்போது பஞ்சு ஒட்டியிருக்கும் அவர் தலைமுடி. அந்தப் படலத்துக்கு நடுவில், வாசற்படியில் உட்கார்ந்து உனக்கு ரிப்பன் கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டிருக்கும் உன் தாத்தா மட்டும் தெளிவாக இருக்கிறார்.

தாத்தா செக்கானூரணிப் பக்கத்தில் இருந்து கண் ஆபரேஷனுக்காக மதுரைக்கு வந்தவர். உன் அப்பாவின் அய்யா, எனக்கு மாமனார், மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஆபரேஷன் முடிந்து கண்ணாடி போட்ட பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. அங்கே பெரியப்பா விவசாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், குறை ஒன்றும் இல்லை. ஆனால் அத்தை, உன் பாட்டி, போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டுக்குள் நுழைந்தால் தனக்கு மூச்சு முட்டுகிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். இங்கே என்றால் ரேடியோ இருந்தது, சந்தில் சத்தம் இருந்தது, காலையில் உன் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற வேலை இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் சந்தைத் தாண்டித் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். குனிந்த முதுகும் குட்டைப் பாவாடையும். இப்போதும் சில மத்தியானங்களில் கண்ணை மூடினால் நீங்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறீர்கள்.

கூடவே இருக்கிறவர் மெலிவது கண்ணுக்குத் தெரியாது, கண்ணு. ஒரு நாள் துவைத்த சட்டையை அவர் போட்டுக்கொண்டபோது, கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் என் கையே நுழையும் போலிருந்தது. அன்றைக்குத்தான் அவர் தட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் ஒரு இட்லி. மத்தியானம் கொஞ்சம் சோறு. பொழுது சாய்ந்துவிட்டால் ஒன்றும் கிடையாது. 'போதும் ஆத்தா, வயித்துல எடமில்ல' என்பார். தண்ணீர்கூட நாக்கை நனைக்கிற அளவுக்குத்தான். பல் வலிக்கிறதோ என்று சோற்றைக் குழைய வடித்தேன். அதையும் தள்ளி வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் வயதானவர்களுக்கு மருத்துவ முகாம் போட்டார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு இளவயது டாக்டரம்மா, கண்ணுக்குக் கீழே களைப்பு இருந்தாலும் ஆளைப் பார்த்துப் பேசுகிறவர். மாமாவை எடை மெஷினில் ஏற்றினார்கள், சுவரில் ஒட்டிய அளவுகோலில் நிறுத்தி உயரம் பார்த்தார்கள். டாக்டரம்மா ஒரு தாளில் வேகமாகக் கணக்குப் போட்டார். நான் முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து விளக்கினார். எடையை மட்டும் வைத்து ஒருவர் ஒல்லியா இல்லையா என்று சொல்ல முடியாதாம். குட்டையான ஆளுக்கு ஒரு எடை சரியாக இருக்கும், அதே எடை நெட்டையான ஆளுக்குப் பத்தாது. அதனால் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, வந்த எண்ணால் எடையை வகுக்க வேண்டும். 'தாத்தாவுக்குப் பத்தொம்பது வருதும்மா. பெரிய சதைப்பிடிப்பு இல்ல, ஆனா பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல' என்றார்.

உன்னை மாதிரியே எனக்கும் மனசு கேட்கவில்லை. நகர்ந்து போக வேண்டிய இடத்தில் நகராமல் நின்றேன். "டாக்டரம்மா, எங்க மாமா இம்புட்டுக் குட்டை இல்லங்க. நான் கல்யாணமாகி வந்தப்ப, நிலையில தல இடிக்காம அவரால வீட்டுக்குள்ள வர முடியாது. இப்ப கூன் விழுந்து போச்சு" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு மாமாவை ஒரு தடவை தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே லேசாகத் தட்டிக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிதான்மா. முதுகு வளைஞ்சா உயரம் கொறஞ்சுரும். உயரம் கொறஞ்சா இந்தக் கணக்குல ஆளு நல்லாருக்குற மாதிரி காட்டும். தாத்தா, கொஞ்சம் இப்படிச் சுவரோரமா வாங்க. ரெண்டு கையையும் விரிங்க பாப்போம்."

மாமா வெட்கப்பட்டார். "என்னம்மா, கோழி புடிக்கச் சொல்ற மாதிரி இருக்கு" என்றார். ஆனாலும் விரித்தார். கண்ணு, அந்தக் காட்சியை உனக்கு எப்படிச் சொல்வது. வீட்டுக்குள் முடங்கி முடங்கிச் சிறியவராகிப் போயிருந்த அந்த மனிதரின் கைகள் விரிந்துகொண்டே போயின. அந்தப் பள்ளிக்கூடச் சுவர் முழுக்க அவர் கை. மேல் சன்னலில் இருந்து இறங்கிய வெயிலில் தூசி மிதந்துகொண்டிருந்தது. மாடு கட்டி, மண்வெட்டி பிடித்து, கமலையில் தண்ணீர் இறைத்த அந்தக் கைகள் மட்டும் வயதாகாமல், பறக்கத் தயாரான ஏதோ ஒன்று மாதிரி நின்றன. நல்ல வயதில் ஒருவர் விரித்த கைகளின் நீளமும் அவர் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்குமாம். முதுகு குறுகினாலும் கை எலும்பு குறுகாதாம். ஒரு விரல் நுனியில் இருந்து மறு விரல் நுனி வரை டேப் வைத்து அளந்து, டாக்டரம்மா மறுபடி கணக்குப் போட்டார். இந்தத் தடவை பதினாறுகூட வரவில்லை. அவர் முகம் மாறியது. குனிந்து மாமாவின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நீர் கோத்திருந்தால் குழி விழுந்து நிற்கும், அந்த நீரும் எடையில் சேர்ந்து ஏமாற்றும் என்றார். குழி நிற்கவில்லை. பரிசோதனை எல்லாம் எழுதிக் கொடுத்து, ரிசல்ட் வந்த பிறகு, "நோய் ஒண்ணும் தெரியலம்மா. சாப்பாடுதான் பத்தல. ஏன் சாப்பிட மாட்டேங்குறாருன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உன் அப்பா ஒரே முடிவாகச் சொன்னார், "அய்யாவுக்கு ஊரு ஏக்கம் புள்ள. அங்க கொண்டுபோய் விட்டுட்டா சரியாயிரும்." தை மாதம் ஊரில் சாமி கும்பிட எல்லாரும் போனோம். அவர் சொன்னதுதான் சரி என்று அங்கே எனக்கும் பட்டது. காலையில் வரப்போரம் நடந்துவிட்டு வந்து, மாமா கேப்பைக் களியும் கீரைக் குழம்பும் உருண்டை உருண்டையாக விழுங்கினார். பெரியம்மா போடப் போடப் போதும் என்று சொல்லவில்லை. பொழுது சாய்ந்த பிறகும் சாப்பிட்டார். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். அப்படியானால் அந்தச் சாப்பாட்டுக்குத்தான் ஏங்குகிறார் என்று நினைத்து, பெரியம்மாவிடம் கேப்பை மாவு வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்த அன்று அதே மாவு, அதே கீரை, அதே பக்குவம். மாமா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மணக்குது ஆத்தா. ஆனா வேணாம்" என்றார். கண்ணில் ஆசை இருந்தது. அதைப் பார்த்தேன். ஆசை இருக்கிறது, பசி இருக்கிறது, வாய் மட்டும் வேண்டாம் என்கிறது. அப்பா மெதுவாக, "அய்யா, பேசாம ஊருலயே இருக்கீகளா? அங்கன்னா சாப்பிடுறீக" என்று கேட்டார். தாத்தா தட்டை மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தினார். "என்னய அனுப்பிராதடா. நான் இங்கன ஒரு ஓரமா இருந்துக்கிறேன்" என்றார். அதைச் சொன்னபோது நீ அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய்.

விடை கிடைத்தது ஒரு காலையில். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். கக்கூஸ் வாசலில் வழக்கம் போல வரிசை. அந்த வரிசையில் மாமா நின்றுகொண்டிருந்தார், கையில் தண்ணீர் டப்பா, தலையில் துண்டு. முகத்தை யாரும் பார்க்காமல் இருக்கத்தான் துண்டு என்பது எனக்கு அப்போது உறைத்தது. அவர் முறை வந்தது. பின்னால் இருந்து ஒரு பெண், "தாத்தா, புள்ள அழுகுது, ஒரு எட்டுப் போயிட்டு வந்துர்றேன்" என்றாள். விலகி வழி விட்டார். அவள் வெளியே வந்ததும் வேலைக்குப் போகிற ஒரு பெண் அவசரமாக நின்றாள். அவளுக்கும் வழி விட்டார். அதற்குள் குழாயடியில் பெண்கள் கூடிவிட்டார்கள். மாமா டப்பாவைத் துண்டால் மூடிக்கொண்டு, வந்த வழியே, எல்லார் வாசலையும் தாண்டி, சுவரைப் பார்த்தபடி திரும்பி நடந்தார். ஊரில் இருள் பிரியும் முன்னே கரட்டு மேட்டுப் பக்கம் தனியாகப் போய்விட்டு வந்து பழகிய மனிதர். ராத்திரி எழுந்தால் மங்கலான கண்ணோடு, தூங்குகிறவர்களைத் தாண்டி, அந்த நீளச் சந்து முழுக்க நடக்க வேண்டும். சாப்பிடாமல் இருந்துவிட்டால் போகவே வேண்டாம். அவ்வளவுதான். ஒருவரை நோயில்லாமல் எலும்பாக்கிக்கொண்டிருந்தது அதுதான்.

இதை ஒரு மருமகள் மாமனாரிடம் எப்படிக் கேட்பாள்? உன் அப்பாவிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றார். "உங்ககிட்டயும் சொல்ல மாட்டாருங்க. சொல்லிட்டா அவரு இங்கன உக்கார முடியுமா?" என்றேன். வீடு மாற்றுவோம் என்று சொன்னபோது தயங்கினார். வண்டியூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால், வயலை ஒட்டி, கொல்லைப்புறத்தில் தனிக் கக்கூஸோடு ஒரு சின்ன வீடு காலியாக இருந்தது. "மில்லுக்கு எம்புட்டுத் தூரம் தெரியுமா? ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு நான் ஊரச் சுத்திச் சைக்கிள் மிதிக்கணும்" என்றார். மறுநாள் விடிகாலையில் அவரே குழாயடிப் பக்கம் போய் நின்றிருக்கிறார். வந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "அந்த வண்டியூரு வீட்டுக்காரரு எத்தன மணிக்கு இருப்பாரு?" என்றார்.

மாமாவிடம் வேறு விதமாகச் சொன்னோம். எனக்கு இந்தச் சந்து ஒத்துக்கொள்ளவில்லை, நான்தான் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று. சாமான்களை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றினோம், அதன் மேல் நீ ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாய். வண்டி தெப்பக்குளத்தைச் சுற்றித் திரும்பியபோது சாயங்கால வெளிச்சம். அப்போது குளத்தில் தண்ணீர் இல்லை. நடு மண்டபத்தைச் சுற்றிப் புல் முளைத்து, ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஏதோ பெரிய வீட்டின் முற்றத்துக்குள் நாம் எல்லாரும் சத்தமில்லாமல் நுழைவது போல எனக்கு இருந்தது. புது வீட்டில் பால் காய்ச்சியதும் மாமா கொல்லைப்புறம் போனார். வெகுநேரம் காணவில்லை. போய்ப் பார்த்தேன். அந்தச் சின்னக் கதவின் முன்னால் நின்று, தாழ்ப்பாளை ஒரு முறை போட்டு, திறந்து, பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு ஆத்தா இந்த வீடு அம்புட்டுப் புடிச்சுப் போச்சு?" என்றார், திரும்பாமலே.

"எனக்குத்தான் மாமா. அங்கன வரிசையில நிக்க எனக்கு ஒப்பல."

தாழ்ப்பாளை மறுபடி ஒரு முறை போட்டார். பிறகு, மிக மெதுவாக, "எனக்கும் ஒப்பல ஆத்தா" என்றார்.

அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி என்றைக்குமே பேசியதில்லை. அன்று ராத்திரி அவர் சாப்பிட்டார். நிறைய என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பிட்டார். உடம்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை. டாக்டரம்மா சொல்லியிருந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக, முட்டை, பருப்பு, பால் என்று கூட்டினோம். மழைக்காலம் வந்து போன பிறகு ஒரு நாள் அவரைக் காட்ட டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எடை ஏறியிருந்தது. டாக்டரம்மா கணக்கைப் போட்டுவிட்டு, "என்னம்மா மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டார். மாமா பக்கத்தில் இருந்தார். "காத்து நல்லாருக்குங்க அங்கன" என்று மட்டும் சொன்னேன். டாக்டரம்மா புரிந்துகொண்டாரோ இல்லையோ, மேலே கேட்கவில்லை. பிறகு நான் ஒருத்தியாகப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் தாடையில் வைத்துக்கொண்டு கேட்டார். இனி யாருக்கு எண் குறைந்து வந்தாலும் வீட்டில் கக்கூஸ் எங்கே என்று கேட்பேன் என்றார்.

அதனால் உன் டாக்டரின் கணக்கைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்த எண் இல்லையென்றால் எங்களுக்கு விழிப்பே வந்திருக்காது. ஆனால் அந்த எண்ணுக்குத் தெரிந்தது இரண்டே சங்கதிதான், இப்போதைய எடை, இப்போதைய உயரம். உன் மாமா வாலிபத்தில் எவ்வளவு உயரம் என்று மாப்பிள்ளையைக் கேள். முதுகு வளைந்திருந்தால் கையை விரித்து அளக்கச் சொல். கால் வீங்கியிருக்கிறதா பார். போன தீபாவளிச் சட்டை இப்போது எப்படி நிற்கிறது, நாற்காலியில் இருந்து எழும்போது எதைப் பிடித்துக்கொள்கிறார், இதையெல்லாம் பக்கத்தில் இருக்கிற நீதான் பார்க்க முடியும். அதன் பிறகு, யாரும் இல்லாத நேரத்தில், அவர் படுக்கிற இடத்தில் இருந்து அவர் போகிற இடமெல்லாம் நீ ஒருமுறை நடந்து பார். விளக்கு இருக்கிறதா, படி இருக்கிறதா, யார் கண்ணில் பட வேண்டியிருக்கிறது. அவரிடம் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்காதே. கேட்டால் வயிற்றில் இடமில்லை என்றுதான் சொல்வார். காரணம் வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், உன் வீடு என் வீடு இல்லை. தெரிந்துகொண்டால் அதை உன்னுடைய தேவை மாதிரிச் சொல்லி மாற்று. அந்த அளவுக்குப் பொய் சொல்ல உனக்கு நான் அனுமதி தருகிறேன்.

தாத்தா வண்டியூர் வீட்டில் பல வருடம் இருந்தார். குளம் நிறைந்தும் வற்றியும் பார்த்தார். நீ பெரிய மனுஷியானதையும் பார்த்தார். ஒரு மாசி மாதத்து மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு நீ உள்ளறையில் அழுது அழுது சோர்ந்து கிடந்தாய், அதனால் இதை நீ கேட்டிருக்க மாட்டாய். ஊரில் இருந்து வந்த பங்காளிகள் அவரைத் தூக்கித் தோளில் வைத்தபோது, முன்னால் நின்ற பையன் ஒருவன் தடுமாறிப் போனான். "ஏப்பா, பாத்து, பாத்து! நல்லா ஊனி நில்லுங்க. பெருசு கனமான ஆளு" என்று யாரோ அதட்டினார்கள். சுற்றிலும் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. நாலு ஆண்பிள்ளைகள் மூச்சு வாங்கச் சுமந்துகொண்டு போகிற அளவுக்கு இருந்தார் என் மாமனார். தெருமுனையில் அவர்கள் தோள் மாற்றுவதைப் பார்த்தபடி, கண்ணீரோடு, நான் வாசலில் நின்றேன்.

உன் அம்மா